தொண்டைக் கோளாற்றை முன்னிட்டு

ஏழுகிணறு, சென்னப்பட்டணம்
1889 செப்டம்பர் 6

அன்பு சாராவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். கண்ணமங்கலம் வரை வண்டிக்காரன் பேசிக்கொண்டு வந்தான். அதன் பிறகு தூங்கிக்கொண்டு வந்தான். மாடுகளுக்கு வேலூர் வழி தெரிந்திருந்ததால் காட்பாடியில் ரயிலைப் பிடித்தேன். நீ கட்டிக்கொடுத்த புளிச்சோற்றில் பாதியை எதிரே உட்கார்ந்திருந்த குடும்பத்துக்குக் கொடுத்தேன். "உங்க சம்சாரம் பண்ணதுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. தொண்டைக் கோளாறு என்று ஆஸ்பத்திரி அப்போத்திக்கரி கொடுத்த சான்றிதழ் பொய்யில்லை என்று அந்த மட்டில் ஒரு நிம்மதி.

துரைக்கண்ணு செட்டியார் தம் பட்டுநூல் கிடங்குக்கு மேலே எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் என் கதையைச் சொல்கிறார். "ஆரணி ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இவரு பத்திரம் படிச்சா, முப்பது பேரு அழுதுகினே எழுந்து வூட்டுக்குப் போயிட்டான் சார்!" என்கிறார். முப்பது பேர் இல்லை, மூன்று பேர் என்று திருத்தினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

நடந்தது உனக்குத் தெரியும். எழுதிக்கொடுக்கிறவருக்குப் பத்திரத்தைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. நான் விதிப்படி படித்தேன். நெசவாளர் பழனி வீட்டை விற்க வந்தார். நான்கு எல்லைகளைப் படிக்கும்போது, "கிழக்கே பொதுக்கிணறு, மேற்கே நந்தவனம்" என்ற இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோ நல்ல வூட்ட நான் எதுக்குங்க விக்கறேன்?" என்று எழுந்து போய்விட்டார். நான் முகாரியில் படித்ததாகச் சப்-ரிஜிஸ்திரார் மணவாள முதலியார் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். இன்னும் இரண்டு பேர் எழுந்து போனதும், ஆரணியில் பத்திரங்கள் குறைந்ததற்கு விளக்கம் கேட்டு ஜில்லாவிலிருந்து தாக்கீது வந்தது. குமாஸ்தாவின் குரல்தான் காரணம் என்று ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் எழுதமுடியுமா? அந்தக் குரலுக்குக் கோளாறு என்று எழுதி ஆறு மாதம் விடுப்புக் கொடுத்துவிட்டார். "எங்கயாவது போயி பாடித் தீத்துட்டு வாய்யா" என்றார். பத்திரம் பதிய வந்திருந்த செட்டியார் அதே நாளில் என் குரலைக் கேட்டு, பட்டணத்துக்குப் பாட வரச் சொன்னதைத் தெய்வச் செயல் என்று நான் சொன்னேன். நீ புளியை ஊறப்போட எழுந்து போனாய்.

பிடில் கந்தசாமி என்று ஒருவர். அவரிடம் பாட்டுப் பாடம் தொடங்கியிருக்கிறேன். மனிதர் கோபக்காரர், வில் அதைவிடக் கோபம். பிப்ரவரி முடிவதற்குள் திரும்பிவிடுவேன். உன் நினைவாகவே இருக்கிறேன்.

உன்
தேவநேசன்

*

ஆரணி
1889 செப்டம்பர் 19

கர்த்தருக்குள் பிரியமான என் கணவருக்குச் சாரா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. பிடிலைப் பற்றி மேலும் எழுதியிருப்பீர்களோ என்று தாளின் பின்பக்கமும் பார்த்தேன். நீங்கள் புறப்பட்ட அன்று எனக்கு இருந்த காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் அதுவாகவே போய்விட்டது.

முதலியார் எங்கள் பள்ளிக்கூடத்து வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "தொண்ட எப்படி இருக்குதாம்?" என்று விசாரிக்கிறார். "மருந்து சாப்பிடறாருங்க" என்கிறேன். ஞாயிறுதோறும் பத்துக் கட்டளைகளைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நான், பொய் சொல்லாதே என்கிற ஒன்பதாவதை வாரத்தில் மூன்று தடவை மீறிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் நாற்காலியில் தெள்ளாரிலிருந்து வந்த பிலவேந்திரன் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எப்போதும் ஜலதோஷம். பத்திரத்தை ஒரே மூச்சில் மூக்கால் படித்து முடித்துவிடுகிறாராம். யாரும் அழுவதில்லை. பத்திரங்கள் பெருகிவிட்டன என்று ஜில்லாவிலிருந்து பாராட்டு வந்திருக்கிறது. பழனியும் போன செவ்வாய்க்கிழமை திரும்பி வந்து வீட்டை விற்றுவிட்டார். இப்போது அதே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். கிணறும் நந்தவனமும் அந்தந்தத் திசையிலேயே இருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டுப் பெண்கள். வீட்டில் நான் ஒருத்தி. இரண்டுக்கும் நடுவே உள்ள தெருவில் நெசவாளர்கள் காலையில் தறிக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டியிருப்பதால் சுற்றிக்கொண்டு போகிறேன். திரும்பும்போது பாவு இருக்காது. ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் வருகிறேன். சீக்கிரம் வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

பிப்ரவரிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

உங்கள்
சாரா

*

ஏழுகிணறு
1889 டிசம்பர் 8

அன்பு சாரா,

காய்ச்சலைப் பற்றிக் கேட்காதது என் குற்றம். இப்போது கேட்கிறேன்: எப்படி இருக்கிறாய்?

தங்கசாலையில் ஒரு கல்யாணத்தில் என் முதல் கச்சேரி நடந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் தாமதமானதால், பாதி ஜனங்கள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து கேட்டார்கள். முதல் பாட்டு முடிந்ததும் கந்தசாமி என் பக்கம் சாய்ந்து, "இன்னாபா, ஒவ்வொரு அடி முடிச்சதும் எதுர இருக்கறவன 'ஒத்துக்கறியா'ன்னு கேக்கற மாரி பாக்கற? அவன் இன்னா கையெழுத்தா போடப் போறான்?" என்றார். அப்போதுதான் உணர்ந்தேன். பதினோரு வருஷத்துப் பழக்கம்; பத்திரத்தில் ஒரு வரி படித்தால் எழுதிக்கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்து, புரிந்ததா என்று தெரிந்துகொண்ட பிறகே அடுத்த வரி. நிறுத்த முயன்றேன், முடியவில்லை. மூன்றாவது பாட்டில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நான் பார்த்ததும், "சரிதான், மேல பாடு" என்றார். அதன் பிறகு ஒவ்வோர் அடிக்கும் நாலைந்து பேர் "சரிதான்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சால்வை கிடைத்தது. அதைவிட, அவர்கள் அசையாமல் இருந்தது கிடைத்தது. அது எப்படி இருந்தது என்று உன்னிடம் நேரில்தான் சொல்லமுடியும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. மேடையில் வெறும் நெற்றி நன்றாக இல்லை என்று செட்டியார் சொன்னதால் கொஞ்சம் சந்தனம் வைத்துக்கொள்கிறேன். சூட்டுக்கு நல்லது. பாட்டுகளும் நம்முடைய கீர்த்தனைகள் அல்ல. நான் யோசித்துப் பார்த்தேன்: பத்திரம் எழுதிக்கொடுப்பவன் வேறு, படிப்பவன் வேறு. வீட்டை விற்ற பாவம் குமாஸ்தாவைச் சேர்வதில்லை. போதகர் பவுல்துரை ஐயா கேட்டால் இப்படிச் சொல்.

கிறிஸ்துமஸுக்கு வரமுடியாது. இருபத்தாறாம் தேதி காஞ்சிபுரத்தில் பாட ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஒப்புக்கொண்டது செட்டியார், பாடப்போவது நான். விடுப்பை மார்ச் முப்பத்தொன்று வரை நீட்டச் சொல்லி முதலியாருக்கு எழுதியிருக்கிறேன். தொண்டை இன்னும் தேறவில்லை என்று அப்போத்திக்கரி எழுதித் தருவார்.

உன் குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. இங்கே எல்லோரும் என் குரலைத்தான் கேட்கிறார்கள்.

உன்
தேவநேசன்

*

ஆரணி
1890 ஜனவரி 5

பிரியமான கணவருக்கு,

புது வருஷ வாழ்த்துகள். கிறிஸ்துமஸ் நல்லபடியாக நடந்தது. கீர்த்தனையில் நீங்கள் எடுத்துக்கொடுக்கிற இடம் வந்தபோது சபை முழுவதும் ஒரு நிமிஷம் காத்திருந்தது. யாரும் எடுக்கவில்லை. பிறகு எல்லோரும் ஆளுக்கொரு சுருதியில் எடுத்தார்கள். தேவதூதர்கள் சகித்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் சொல்லச் சொன்னதைப் போதகரிடம் அப்படியே சொன்னேன். படிப்பவன் வேறு என்பதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சந்தனம் சூட்டுக்காக என்றேன். "மார்கழி மாசத்துலயா அம்மா?" என்று கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பட்டு வியாபாரி பலராமன் பட்டணத்திலிருந்து திரும்பினார். நான் பள்ளிக்கூடம் போகும்போது தெருவில் பாவு நீட்டியிருந்தது. அவர் பாவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். "டீச்சரம்மா! உங்க வூட்டுக்காரரு பாட்டக் கேட்டேனே! இன்னா சாரீரம், இன்னா சாரீரம்! அங்க ஜனம் எள்ளு போட்டா எள்ளு வுழாது" என்று அங்கிருந்தே கத்தினார். அதோடு விட்டாரா? எப்படிப் பாடினீர்கள் என்று பாடியே காட்டினார். நெசவாளர்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். நகரலாம் என்றால் மனம் வரவில்லை. முழுவதும் நின்று கேட்டேன். பலராமனின் பாட்டில் எங்காவது நீங்கள் இருப்பீர்களோ என்று தேடினேன். எங்கும் இல்லை. கடைசியில் ஓர் அடியைப் பாடி நிறுத்திவிட்டு, கண்ணை அகல விரித்து எதிரே பார்த்தார். அது மட்டும் நீங்கள்தான்.

எனக்குத் தெரியாமல் பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "யம்மா, கைய எடுங்க, நூலு அறுந்துடப் போவுது" என்று யாரோ சொன்னார்கள்.

பட்டணத்தில் கேட்டாயிற்று, காஞ்சிபுரத்தில் கேட்டாயிற்று, பலராமன் கேட்டாயிற்று. இந்த ஜில்லாவில் நீங்கள் பாடிக் கேட்காதவர்களை எண்ணினால் நான் முதலில் வருவேன். வீட்டிலும் சபையிலும் பாடியது கணக்கில் சேராது என்று பலராமன் சொல்கிறார்.

மார்ச் முப்பத்தொன்றைச் சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறேன்.

சாரா

*

ஏழுகிணறு
1890 மார்ச் 3

என் அன்பு சாரா,

விடுப்பு முடிய இன்னும் நாலு வாரம். ஏப்ரல் முதல் தேதி நான் நாற்காலியில் இருக்கவேண்டும், அல்லது நாற்காலி பிலவேந்திரனுடையதாகிவிடும். செட்டியாரும் அவர் நண்பர்களும் மாதம் மூன்று கச்சேரி வைப்பதாகச் சொல்கிறார்கள். "இன்னும் ரெண்டு வருஷம் சாதகம் பண்ணா நீ பாடகன். இப்போ போனியானா நல்லா பத்திரம் படிக்கிறவன், அவ்ளோதான்" என்கிறார் கந்தசாமி. அவர் பாராட்டி நான் கேட்டது இது ஒன்றுதான்.

காலையில் ராஜினாமா எழுதுகிறேன். மாலையில் வேலைக்குத் திரும்புவதாக மனு எழுதுகிறேன். இரண்டிலும் கையெழுத்து அழகாக வருகிறது. எது சரி என்று கையெழுத்தை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை.

ஆகையால் உன்னிடமே விடுகிறேன். இத்துடன் இரண்டு தாள்கள். முதலாவது, முதலியாருக்கு என் ராஜினாமா. உனக்குச் சம்மதமானால் ஆபீஸில் கொடு. இல்லையென்றால் கிழித்துவிடு, நான் முதல் தேதி வந்து உட்காருகிறேன். ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இரண்டாவது, மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்துகிற மிஸ்ஸியம்மாவுக்கு, அங்கே உன் வேலையை நீ விடுவதாக ராஜினாமா. உனக்குச் சிரமம் வேண்டாமே என்று நானே எழுதிவிட்டேன். நீ கையொப்பம் இட்டால் போதும். மாடி அறைக்குப் பக்கத்தில் சமையலுக்கு இடம் கேட்டிருக்கிறேன்.

வா. அல்லது என்னை வரச் சொல்.

உன்
தேவநேசன்

*

ஆரணி
1890 மார்ச் 11

பிரியமான கணவருக்கு,

இரண்டு தாள்களும் கிடைத்தன. இரண்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

முதல் தாளில் உங்கள் கையொப்பம் இல்லை.

ஒரு கையொப்பம் குறைந்தது என்று, கலசப்பாக்கத்திலிருந்து வெயிலில் நடந்து வந்த கிழவரையே திருப்பி அனுப்பியவர் நீங்கள். என் ராஜினாமாவில் நான் எங்கே கையொப்பம் இடவேண்டும் என்று பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்திருக்கிறீர்கள். உங்களுடையதில் புள்ளி கூட இல்லை. மறதியா, மனதா என்று நான் கேட்கவில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கையொப்பத்தை என்னால் அச்சாகப் போடமுடியும். ஏழு வருஷமாகப் பார்க்கிறேன். போடமாட்டேன். நாளைக்கு ஒரு கச்சேரியில் ஜனம் எழுந்து போனால், சாராதானே கொடுத்தாள் என்று நினைப்பீர்கள். நாளைக்கு ஒரு பத்திரத்தைப் படிக்கும்போது குரல் எழும்பினால், சாராதானே கிழித்தாள் என்று நினைப்பீர்கள். சொல்லமாட்டீர்கள், "ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் பயப்படுகிறேன். நீங்கள் சொல்லாத வார்த்தையோடு நான் காலமெல்லாம் குடித்தனம் பண்ண முடியாது.

என் ராஜினாமா அருமையாக எழுதப்பட்டிருக்கிறது. காரணம் என்ற இடத்தில், "கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு" என்று இருக்கிறது. பக்கத்துத் தாளில் அதே கணவர் உத்தியோகத்தை விடுகிறார். முப்பத்தெட்டுப் பெண்களில் பதினொரு பேர் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். அவர்களை நான் விட்டுவருவேனா, மாட்டேனா என்பது எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது? என்னைக் கேட்கவில்லையே.

இதையெல்லாம் எழுதிவிட்டேன் என்பதால் எனக்கு நெஞ்சு கல் என்று நினைக்கவேண்டாம். உங்கள் தாளை இரண்டு நாள் பைபிளுக்குள் வைத்திருந்தேன். கிழித்தால் போதும், முதல் தேதி நீங்கள் இந்த வாசலில் செருப்பைக் கழற்றுவீர்கள். அந்தச் சத்தம் கூட எனக்குக் கேட்டது. கிழிக்காமல் உறைக்குள் போட்டது சுலபமாக இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

சாரா

*

ஏழுகிணறு
1890 மார்ச் 18

சாரா,

மறதி இல்லை. கையொப்பம் இடும் இடத்தில் பேனாவை வைத்தேன். மை சொட்டும் என்று எடுத்துவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நீ "வா" என்று எழுதுவாய் என்று காத்திருந்தேன். எழுதியிருந்தால் வந்திருப்பேன். வந்தபின் நீ பயந்தபடியே நடந்திருக்கும்.

இப்போது கையொப்பம் இட்டு அனுப்பியிருக்கிறேன். நேற்றுப் பகலில், கந்தசாமி எதிரே உட்கார்ந்திருக்க இட்டேன். ராஜினாமாவுக்குச் சாட்சி தேவையில்லை. என் கைக்குத் தேவைப்பட்டது. "அழாத, தொண்ட கட்டிக்கும்" என்றார்.

இந்தத் தாளைத் தபாலில் நேராக ஆபீஸுக்கே அனுப்பியிருக்கலாம். உன் கையால் போகவேண்டும் என்று ஆசை. அது வேண்டாம் என்றால் முதலியாருக்குத் தபாலில் போட்டுவிடு.

உனக்காக எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். முதலிலேயே கேட்டிருக்கவேண்டியதை இப்போது கேட்கிறேன். நீ என்ன செய்ய விரும்புகிறாய்?

தேவநேசன்

*

ஆரணி
1890 ஏப்ரல் 3

என் அன்புள்ளவருக்கு,

முப்பத்தொன்றாம் தேதி பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலியார் இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார். "யாரும் கட்டாயப்படுத்தி எழுதினதில்லயே?" என்று பழக்க தோஷத்தில் கேட்டார். "இல்லீங்க, அவரா எழுதினாரு, நானா எடுத்துகினு வந்தேன்" என்றேன். "அப்போ தொண்ட சரியாப் போச்சுன்னு எழுதிக்கலாமா?" என்றார். "எழுதிக்குங்க" என்றேன். பிலவேந்திரன் தலையைக் குனிந்துகொண்டு தும்மினார். சந்தோஷத்தாலும் இருக்கலாம், ஜலதோஷத்தாலும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த தேதியை அழித்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் கறுப்பாக இருக்கிறது.

என்ன செய்ய விரும்புகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பத்து நாள் யோசித்தேன். வேலையை விட எனக்கு விருப்பமில்லை. நீங்கள் இல்லாமல் இருக்கவும் விருப்பமில்லை. பட்டணத்தில் நம் மிஷனுக்குத் தோழமையான பெண் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே மாற்றல் கேட்டு நானே ஒரு மனு எழுதினேன். இங்கே என்னோடு கற்பிக்கிற பாக்கியமேரி என் வகுப்பைப் பார்த்துக்கொள்வாள். என்னைவிட அவளுக்குக் குரல் பெரிது, கோபம் சிறிது. அந்தப் பதினொரு பேரும் அவளோடு படித்துவிடுவார்கள்.

மனுவில் காரணம் என்ற இடம் வந்தபோது பேனாவை இரண்டு முறை மையில் தோய்த்தேன். பிறகு எழுதிவிட்டேன். நேற்று மிஸ்ஸியம்மாவிடம் கொண்டுபோனேன். அவர்கள் படித்துவிட்டு, "என் கணவர் பாடுவதைக் கேட்கவேண்டும்" என்று அந்த வரியைச் சத்தமாகச் சொன்னார்கள்.

"சாரா, இது காரணம் ஆகாதே. குடும்ப நிமித்தம் என்று எழுதும். கமிட்டியார் அதையே எதிர்பார்ப்பார்கள்."

"அப்படி எழுதினா பொய்யாயிடுங்கம்மா. இந்த வருஷத்துக்குச் சொல்ல வேண்டிய பொய்யெல்லாம் சொல்லி முடிச்சிட்டேன்."

மிஸ்ஸியம்மா மனுவை மேசைமேல் வைத்தார்கள். அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆரணிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது.

"அவர் அவ்வளவு நன்றாகப் பாடுகிறவரோ?"

"தெரியாதுங்கம்மா. ஏழு வருஷமும் சபையில கூடப் பாடிகினும், வூட்ல அம்மி அரைச்சிகினும்தான் கேட்டேன்."

அவர்கள் பேனாவை எடுத்தார்கள். மனுவின் அடியில் இரண்டு வரி எழுதி, மை காய ஊதி, உறையில் போட்டார்கள். போதகரின் அபிப்பிராயமும் சேர்ந்து போகவேண்டுமாம். அவருக்குச் சந்தனம் ஞாபகம் இருக்கும். கமிட்டி மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ கூடும். முடியாது என்று வரலாம். வந்தால் திரும்ப எழுதுவேன். காரணத்தை மாற்றமாட்டேன்.

தினமும் தபால்காரர் நம் தெருவில் திரும்புகிற நேரத்துக்கு, அவர் கூப்பிடுவது கேட்கவேண்டுமே என்று, அம்மியை நிறுத்திவிடுகிறேன்.

உங்கள்
சாரா